எட்டுத் தட்டிகளுக்குள் பட்டாணி

“இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க. எனக்கு வால் மட்டும்தான் தெரியுது.”

உள்ளறைக் கட்டிலில் படுத்தபடியே ராஜி சொன்னாள். நான் ஹாலில் தரையில் உட்கார்ந்து, கம்பித் தடுப்பின் கடைசிக் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தேன். எட்டுத் தட்டிகள். தட்டிக்குப் பதினோரு கம்பி. ஆக எண்பத்தெட்டு. அதற்கு நடுவில், வெறும் சிவப்புத் தரையில், ஒரு நாய்க்குட்டி என்னை நம்பாமல் பார்த்துக்கொண்டு நின்றது.

தள்ளினேன். “இப்ப?”

“இப்ப தலை தெரியுது. வால் போயிடுச்சு.”

“ரெண்டும் தெரியணும்னா நாயைத்தான் ரெண்டா மடிக்கணும்.”

“கட்டிலைத் திருப்பலாமே.”

ஜோகுபாளையத்திலிருந்து எங்கள் வீட்டு வேலைக்கு வரும் செல்வி அப்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டேன். கட்டிலை ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். ராஜி கையை ஊன்றி எழப் பார்த்தாள். “நான் இறங்கிடறேன், கனமா இருக்கும்.”

“நீங்க சும்மா படுங்கம்மா. உங்க வெயிட்டுக்கு…” என்று ஆரம்பித்த செல்வி அதை முடிக்கவில்லை. குனிந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

திருப்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. “ராஜி, தலை வடக்கே வந்துடுச்சு. வடக்கே வெச்சுப் படுக்கக் கூடாது.”

“நாய் முழுசா தெரியுது,” என்றாள். கட்டில் அப்படியே இருந்தது.

இந்தத் தொடரில் சென்ற வாரம் என் அலுவலக நாட்களைப் பற்றி எழுதி நிறுத்தியிருந்தேன். வரிசைப்படி பார்த்தால் இந்த வாரம் நான் பணி ஓய்வு பெற்ற கதை வரவேண்டும். வரிசை தவறுகிறேன். எதையும் வரிசையாக வைத்தே பழகியவனுக்கு இது சிரமமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை இப்போது எழுதாவிட்டால் சில விஷயங்கள் மங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எனக்குப் பயங்கள் அதிகம். சமையல் வாயுவை மூடினோமா, மாடித் தொட்டி நிரம்பி வழிகிறதா, வாசல் கேட் தாழ்ப்பாள் சரியாக விழுந்ததா என்று நாளெல்லாம் ஏதாவது ஒன்று. அவற்றோடு இதுவும் ஒன்று.

இளநீர் வண்டிக்குப் பக்கத்தில்

குட்டி எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு ஒரு ஆட்டோதான் காரணம்.

ராஜிக்குக் கணையத்தில் நோய். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், குழாய் வைத்தார்கள், எடுத்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர், என் தோளில் கை வைத்து, “வீட்டிலேயே வெச்சுப் பாத்துக்குங்க, அவங்க கேக்கறதைக் கொடுங்க” என்றார். அவர் தோளில் கை வைத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் மகள் நித்யாவுக்குப் புரிந்தும் அவள் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவங்க கேக்கறதைக் கொடுங்க. சரி. ஆனால் ராஜி கேட்டால்தானே? கல்யாணமாகி ஐம்பத்தோரு வருடத்தில் அவள் எதையும் இது வேண்டும் என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். சம்பளம் வாங்கினாள், தனக்குத் தேவையானதைத் தானே வாங்கிக்கொண்டாள்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, காக்ஸ் டவுன் மார்க்கெட் திருப்பத்தில், “ஆட்டோவை நிறுத்தச் சொல்லுங்க” என்றாள். வாந்தி வருகிறதாக்கும் என்று நித்யா பையைப் பிரித்தாள். ராஜி வெளியே கை நீட்டினாள். இளநீர் வண்டிக்குப் பக்கத்தில், வெட்டிப்போட்ட மட்டைகளின் குழிவில், பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி சுருண்டு கிடந்தது.

“எனக்கு அது வேணும்.”

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். “தெரு நாய்மா அது. நல்ல நாய் வேணும்னா எங்க ஏரியால ஒருத்தர் விக்கிறாரு.”

“நல்ல நாய் எனக்கு எதுக்கு? அதுதான் வேணும்.”

இளநீர்க்காரருக்குப் பெரிய நிம்மதி. “எடுத்துட்டுப் போங்கம்மா. மூணு இருந்துச்சு, ரெண்டு வண்டில மாட்டிக்கிச்சு. இது ஒண்ணுதான் பாக்கி,” என்று அதைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி நித்யாவின் மடியில் வைத்தார். நித்யா அலறினாள். ராஜி வீடு வரும்வரை ஒரே ஒரு விரலால் அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே வந்தாள். சுருண்டு படுத்தால் உருண்டையாக இருக்கிறது என்று பட்டாணி என்று பெயர் வைத்ததும் அவள்தான். பெண் குட்டி.

நித்யாவுக்கு வைட்ஃபீல்டில் வேலை. அம்மாவுக்கு முடியாமல் போனதிலிருந்து எங்களோடு வந்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில் லேப்டாப் வைத்து அங்கிருந்தே வேலை பார்த்தாள். மருந்து, ஊசி, கை கழுவும் திரவம் எல்லாம் அவள் பொறுப்பு. அவள் அன்றே சொல்லிவிட்டாள்:

“அம்மாவுக்கு உடம்புல எதிர்ப்பு சக்தியே இல்ல. இது ரூமுக்குள்ள போகக் கூடாது. ஹால்ல இருக்கட்டும். ஒழுங்கா ஒரே இடத்துல ஒண்ணுக்குப் போகக் கத்துக்கிச்சுன்னா அப்புறம் உள்ள விடலாம். உள்ள விட்டப்புறம் ஒரே ஒரு தடவை தப்பாப் போச்சுன்னாலும், அன்னிக்கே யார்கிட்டயாவது குடுத்துடுவேன். அப்பா, நீங்களும் கேட்டுக்குங்க.”

நான் கேட்டுக்கொண்டேன். ராஜி என்னைப் பார்த்தாள். அவளுக்கு இருந்த நேரம் எவ்வளவு என்று எங்கள் மூவருக்கும் தெரியாது. குறைவு என்று மட்டும் தெரியும். அதற்குள் ஒரு குட்டி நாய் பாடம் படித்தாக வேண்டும். அந்தப் பாடத்துக்கு நான் வாத்தியார்.

நாய்களை எண்ணியவன்

நாய் வளர்த்து எனக்குப் பழக்கம் இல்லை. நாய்களை எண்ணித்தான் பழக்கம்.

கன்னடத்தில் கோப்பு எழுதும் மாநில அரசின் புள்ளிவிவர வேலையில் நான் சேர்ந்த புதிதில் கால்நடைக் கணக்கெடுப்புக்கு அனுப்பினார்கள். மாடு, எருமை, ஆடு, கோழி, கழுதை, நாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கோலார்ப் பக்கம் ஒரு ஊரில் ஒரு அம்மாள் மாட்டை எண்ணவிட்டாள், ஆட்டை எண்ணவிட்டாள். நாயிடம் போனதும் குறுக்கே வந்து நின்றாள். “வளக்கிற நாயையும் பெத்த புள்ளையையும் எண்ணாதே சாமி. எண்ணினா குறைஞ்சுடும்.”

நான் சிரித்துக்கொண்டே இரண்டு என்று எழுதிக்கொண்டு வந்தேன். அந்த அம்மாளை எத்தனையோ வருடம் நினைத்ததில்லை. இப்போது நினைத்தேன். ஏனென்றால் வாரம் ஒருமுறை நித்யா ராஜியை எடை மிஷினில் நிற்கவைத்துப் பார்ப்பாள். அதே மிஷினில் நான் பட்டாணியையும் நிறுத்துவேன். ஒன்று ஏறிக்கொண்டே வந்தது. ஒன்று இறங்கிக்கொண்டே வந்தது. சில வாரங்களுக்குப் பிறகு மிஷினைக் கட்டிலுக்கு அடியில் சுவரோரம்வரை தள்ளிவிட்டேன். நித்யா தேடினாள். தெரியாது என்றேன். அவள் குனிந்து பார்க்கவும் இல்லை.

எழுத்தின் மேல் கூடாது

பக்கத்துத் தெருவில் ஒரு கால்நடை மருத்துவர். சின்னப் பெண். வீட்டில் கன்னடம், எங்களைப்போன்றவர்களிடம் தமிழ். தடுப்பு வாங்கச் சொன்னது அவர்தான்.

“அங்கிள், வீடு முழுக்க விட்டா அது வீடு முழுக்கப் போகும். தடுப்புக்குள்ள வைங்க. பாதி இடம் படுக்க, பாதி இடம் நியூஸ்பேப்பர். படுக்கற இடத்தைக் குட்டி கெடுத்துக்காது. தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்ட உடனே, ஆடி முடிச்ச உடனே, பேப்பர் மேல கொண்டு நிறுத்துங்க. சரியா போனா, அந்த செகண்டே பாராட்டணும். அஞ்சு நிமிஷம் கழிச்சு சொன்னா எதுக்குன்னு அதுக்குத் தெரியாது. தப்பா போனா பைபேடி அங்கிள், திட்டவே வேணாம். துடைச்சுட்டுப் போயிடுங்க.”

நான் பழைய நாளிதழ்க் கட்டை எடுத்துவந்து தடுப்புக்குள் விரிக்க ஆரம்பித்தேன். இரண்டு தாள்கூட விரித்திருக்க மாட்டேன்.

“என்ன பண்றீங்க?”

“டாக்டர் சொன்னாங்க, பேப்பர் போடணும்னு.”

“எழுத்து மேலயா போகும்?” ராஜி தலையணையிலிருந்து தலையைத் தூக்கிவிட்டாள். “எடுங்க. நான் இருக்கற வரைக்கும் அது நடக்காது.”

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காலில் ஒரு தாள் பட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீடு எங்களுடையது. ராஜியோ அதற்கும் ஒரு படி மேல். வேர்க்கடலை மடித்து வந்த காகிதத்தைக்கூட, எண்ணெய்க் கறையோடு, இருபுறமும் படித்த பிறகுதான் போடுவாள். அவள் வகுப்பில் புத்தகத்தைத் தாண்டிப்போன பிள்ளை திரும்பி வந்து அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார முடியும்.

நான் பேரம் பேசினேன். “இங்கிலீஷ் பேப்பர்?”

“அதுவும் எழுத்துதான்.”

“கன்னடம்?”

“உங்களுக்கு இத்தனை வருஷம் சோறு போட்டது அந்த எழுத்து. அது மேல விடப்போறீங்களா?”

தாள்களை எடுத்தேன். பிறகு சொன்னாள்:

“பீரோவுல கீழ்த்தட்டு. என் பழைய காட்டன் சேலையெல்லாம் இருக்கு. கிழிச்சுப் போடுங்க. நல்லா உறிஞ்சும்.”

“அது நீ கட்டற சேலை.”

“இனிமே கட்டப்போறது யாரு?”

மிகச் சாதாரணமாகத்தான் சொன்னாள், பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல. நான் பீரோவைத் திறந்து நின்றேன். அடுக்கில் பதினேழு சேலைகள். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

கிழிக்கும் சத்தம்

கத்தரிக்கோலால் வெட்டப் போனேன். அது பிசிறும், கிழிக்கத்தான் வேண்டும் என்று தன்னிடம் கொண்டுவரச் சொன்னாள். ஓரத்தில் நான் ஒரு வெட்டு வைப்பேன். இரண்டு முனைகளையும் பிடித்து அவள் இழுப்பாள். முதல் சேலைக்கு அவளுக்குப் பலம் போதவில்லை. ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். ‘சர்ர்’ என்று போயிற்று. ஹாலில் பட்டாணி காதைத் தூக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்தது.

“அதுக்கு இந்த சத்தம் புடிக்குது,” என்றாள் ராஜி.

ஒரு சேலைக்குப் பதினெட்டுத் துண்டு. கிழிக்கக் கிழிக்கப் பேசுவாள். முன்பெல்லாம் அப்படிப் பேசுகிறவள் இல்லை. மாம்பழ நிறச் சுங்குடியைப் பார்த்து, “இதுல ஒரு மசிக்கறை இருக்கும் பாருங்க. ஒரு பொண்ணு பரீட்சைல பயந்துபோய் என் மேலேயே பேனாவ உதறிடுச்சு. அது இப்ப எங்க இருக்கோ” என்றாள். கறை இருந்தது. அந்தத் துண்டை நான் தடுப்புக்குள் போடவில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டு, “அதுவும் உறிஞ்சும்” என்றாள்.

செல்விக்குத்தான் மனசு ஆறவில்லை. துண்டுகளை வாளியில் அலசும்போது முணுமுணுத்தாள். “நாய்க்குப் போடறதுக்குப் பதிலா என்கிட்ட குடுத்திருந்தா நான் கட்டிக்கிட்டிருப்பேனே.”

உள்ளேயிருந்து பதில் வந்தது. “உனக்குன்னு பட்டு எடுத்து வெச்சிருக்கேன். அதைக் கேக்காம கந்தலைக் கேக்கறியேடி.”

செல்வி அலசிய துண்டையே மறுபடி எடுத்து அலச ஆரம்பித்தாள்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது பாராட்டுவதுதான். வீட்டிலோ அலுவலகத்திலோ நான் யாரையும் வாய்விட்டுப் பாராட்டிப் பழகியவன் இல்லை. முதல் தடவை குட்டி சேலைத் துண்டில் சரியாகப் போனபோது, “சபாஷ்” என்றேன்.

உள்ளேயிருந்து ராஜி: “ஃபைல்ல கையெழுத்துப் போடற மாதிரி இருக்கு. குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க.”

“சபாஷ்!”

“குரல் இன்னும் மேல.”

“சபாஷ் பட்டாணி! சபாஷ்!”

“ம். இப்ப பாஸ்.”

குட்டி கெட்டிக்காரி. முதல் வாரம் தரையில், இரண்டாவது வாரம் பாதிக்குப் பாதி, பிறகு தவறுவது அபூர்வம். தூங்கி எழுந்தால் நேரே சேலைத் துண்டுக்குப் போய், மோந்து, இரண்டு சுற்றுச் சுற்றி உட்காரும். நான் துண்டை எந்த மூலையில் மாற்றிப்போட்டாலும் தேடிப்போனது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். “சூப்பர் அங்கிள்,” என்றார். எதன் மேல் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நித்யா ஒருவாரம் தன் கண்ணாலேயே பார்த்தாள். “சரி. ஞாயித்துக்கிழமை உள்ள விடலாம்.”

நைட்டியில் மடி ஏது

அந்த ஞாயிறு காலை ராஜி நித்யாவிடம், “எனக்குச் சேலை கட்டிவிடு” என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து நைட்டிதான். ஊசி போட, துடைக்க, திருப்பிப் படுக்கவைக்க அதுதான் வசதி. நித்யா எவ்வளவோ சொன்னாள்.

“முதல் தடவை மடிக்கு வருது. நைட்டில மடி ஏதுடி?”

கிழிக்காமல் மிஞ்சியிருந்ததில் மெத்தென்ற நீலக் கட்டம் போட்ட சேலையை எடுத்து, உட்காரவைத்தபடியே நித்யா சுற்றிவிட்டாள். இரண்டு சுற்று அதிகமாக வந்தது. உடம்பு அவ்வளவு குறைந்திருந்தது. தலை சீவி, பொட்டு வைத்து, தலையணைகளில் சாய்ந்து, மடியை அகலமாக விரித்து ராஜி உட்கார்ந்தாள். எண்பத்தெட்டுக் கம்பிகளின் கதவைத் திறந்து நான் பட்டாணியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த மடியில் விட்டேன்.

குட்டி நின்றது. துணியை மோந்தது. இரண்டு சுற்றுச் சுற்றியது. உட்கார்ந்தது.

நீலக் கட்டங்களில் வட்டமாக ஈரம் பரவியது. அந்த செகண்டே என் வாயிலிருந்து, ஒரு மாதப் பழக்கத்தில், “சபாஷ் பட்டாணி!” என்று வந்துவிட்டது.

“அப்பா!” நித்யா கத்தினாள். “சபாஷா?”

ராஜி சிரித்தாள். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். “அதுமேல என்னடி தப்பு? நாம சொல்லிக்குடுத்த பாடத்தைத்தான் ஒப்பிச்சுது. நாம பாடத்தை என் சேலைலதானே எழுதினோம்.”

அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

நித்யா சிரிக்கவில்லை. சேலையை உருவி எறிந்து, அம்மாவைத் துடைத்து, மறுபடி நைட்டியைப் போட்டு, கைகளை மூன்று தடவை கழுவினாள். பிறகு போனை எடுத்தாள். சர்ஜாபூர் பக்கம் தோட்டத்தோடு வீடு வைத்திருக்கும் ஒரு தோழி நாய்களை எடுத்துக்கொள்வாளாம்.

“நித்யா, போனை வை,” என்றாள் ராஜி.

“அம்மா, நாம பேசினது பேசினதுதான். இன்ஃபெக்‌ஷன் ஆச்சுன்னா?”

“ஆச்சுன்னா?”

“ஆச்சுன்னா…”

“சொல்லு. ஆச்சுன்னா என்னடி ஆகும் எனக்கு?”

ஹாலில் பட்டாணி தடுப்புக் கம்பியைப் பிராண்டியது. நித்யா போனைக் கையில் பிடித்தபடி நின்றாள். பிறகு கட்டிலின் விளிம்பில், அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, நாற்பத்தாறு வயதுப் பெண், முகத்தை அந்தக் காலில் வைத்துக்கொண்டு அழுதாள். அவ்வளவு நாள் அவள் எங்கள் முன்னால் அழுததில்லை. ராஜி அவள் தலையை, பட்டாணியைத் தடவுவதுபோலவே, ஒரு விரலால் தடவினாள்.

போன் போகவில்லை. குட்டி இருந்தது.

மண்

நடந்ததை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “சாரி அங்கிள். குட்டிக்கு அது சேலை, இது துண்டுன்னு தெரியாது. கால்ல எது படுதோ அதைத்தான் அது ஞாபகம் வெச்சுக்கும். துணியே வேணாம். அதுக்குத் தடுப்பூசியெல்லாம் முடிஞ்சுடுச்சு, நேரா மண்ணுக்குக் கூட்டிட்டுப் போங்க. தடுப்பை வாசக்கதவுகிட்ட மாத்துங்க. என்னைக்கு அதுவாவே கதவுகிட்ட போய் உங்களைப் பாத்து ‘திற’ன்னு கேக்குதோ, அன்னைக்குத் தடுப்பை மடிச்சு வெச்சுடலாம்.”

எங்கள் வீட்டுக்கு முன்னால் சுற்றுச்சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு மண் உண்டு. அது போதும். ஆனால் தடுப்பை வாசற்கதவுப் பக்கம் நகர்த்தினால் கட்டிலிலிருந்து தெரியாது. எப்படித் திருப்பினாலும் தெரியாது. நான் அளந்து பார்த்துவிட்டேன்.

“பரவாயில்ல,” என்றாள் ராஜி. “நீங்க வந்து சொல்லுங்க.”

அப்படித்தான் அது ஆரம்பித்தது. வெளியே போய், பட்டாணி மண்ணில் உட்கார்ந்து எழுந்து, நான் பாராட்டி, உள்ளே வந்ததும் நேரே கட்டிலிடம் போவேன். அவள் கண்ணைத் திறக்காமலே கேட்பாள்.

“ஆச்சா?”

“ஆச்சு.”

“சபாஷ் சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“மேலயா, கீழயா?”

“மேலதான்.”

போய்விட்டு வந்த கையோடு குட்டியைத் துடைத்து அவள் பக்கத்தில் விடுவோம். அப்போது மறுபடி நனைத்துவிடுமோ என்ற பயமில்லை. நைட்டியின் வழவழப்பை அது மோந்துகூடப் பார்க்கவில்லை. இடுப்போரம் சுருண்டு படுக்கும். அவள் கை அதன் மேல் கிடக்கும். அரைமணி ஆனதும் நித்யா தூக்கிக்கொள்வாள். ராஜி சேலை கேட்கவே இல்லை. அறைக்கு வெளியே நைட்டியோடு ஒருநாளும் தலைகாட்டாதவள், பார்க்க வந்தவர்கள் முன்னால் நைட்டியோடு இருந்தாள். “சேலை கட்டினா அது வராது,” என்று அவர்களிடம் காரணம் சொன்னாள். அவர்களுக்குப் புரியவில்லை. எங்களைப் பார்த்தார்கள்.

அரைமணி போதவில்லை அவளுக்கு. நாள் முழுக்க வேண்டும் என்று இருந்தாள். தடுப்பு போய்விட்டால் அது இஷ்டத்துக்கு வரும், இஷ்டத்துக்குப் படுக்கும்.

“அதுவா கேக்குமாங்க?”

“கேக்கும்.”

“எப்ப?”

வாழ்நாளெல்லாம் எல்லாவற்றுக்கும் ஒரு எண் சொல்லிக்கொண்டிருந்தவன். இதற்கு என்னிடம் எண் இல்லை. “சீக்கிரம்,” என்றேன்.

நான் கூட்டிப்போனால் பட்டாணி போனது. கூட்டிப்போகத் தாமதித்தால் தடுப்புக்குள் மூலையில் போய்விட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. கேட்கமட்டும் இல்லை. நான் சிலநேரம் வேண்டுமென்றே தடுப்பைத் திறந்துவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதன் முகத்தையே பார்ப்பேன். அதுவும் என் முகத்தையே பார்க்கும். “அப்பா, ரெண்டு பேரும் இன்டர்வியூவா நடத்தறீங்க?” என்பாள் நித்யா.

ராஜியின் குரல் சிறுத்தது. ‘ஆச்சா’ என்பது வெறும் உதட்டசைவாயிற்று. நான் அதற்கும் பதில் சொன்னேன்.

கதவு

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. கஞ்சி கொடுக்கப் போன நித்யா என்னைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட விதத்திலேயே தெரிந்தது. நான் கையிலிருந்த டம்ளரைச் சரியாக மேசையின் நடுவில் வைத்துவிட்டுப் போனேன். எதற்கு அப்படி வைத்தேன் என்று தெரியவில்லை.

ஒன்பது மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. அவளைக் கிடத்த ஹாலில் இடம் வேண்டும். யாரோ தடுப்பை மடித்துச் சுவரோரம் சாய்த்தார்கள். பெண்கள் அவளைக் குளிப்பாட்டி, அரக்கு நிறத்தில் ஒரு சேலை உடுத்தி, பூ வைத்துக் கொண்டுவந்தார்கள். செல்வி சமையலறையில் பட்டாணியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். என் ஒன்றுவிட்ட அண்ணன், பெரியவர், “அந்த நாயை வெளியில எங்கேயாவது கட்டுங்கப்பா” என்றார்.

“இருக்கட்டும் பெரியப்பா,” என்றாள் நித்யா. “அம்மாவோடது.”

செல்வி எப்போது கையை விட்டாளோ. கால்களுக்கு நடுவில் புகுந்து, பட்டாணி ராஜியிடம் வந்துவிட்டது. காலடியில் நின்று, தரையில் கிடந்த சேலையின் ஓரத்தை மோந்தது. நீளமாக மோந்தது. நான் நித்யாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். அங்கிருந்த அத்தனை பேரில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் என்ன பயம் என்று தெரியும். நித்யா எழுந்து பிடிக்கப் போகவில்லை. நானும் போகவில்லை.

பட்டாணி மூக்கை எடுத்தது. திரும்பி, உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகச் சுற்றிக்கொண்டு வாசற்கதவுக்குப் போனது. காற்றுக்கு யாரோ அதைச் சாத்தி, கல் வைத்திருந்தார்கள். கதவடியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒரு தடவை முனகியது. முன்னங்காலால் கதவைச் சுரண்டிவிட்டு, மறுபடி என்னைப் பார்த்தது.

நான் எழுந்தேன்.

“நீ எழுந்திருக்கக் கூடாது, உக்காரு,” என்றார் அண்ணன்.

போனேன். கல்லை நகர்த்தி, கதவைத் திறந்தேன். ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பட்டாணி அவர்களைத் தாண்டி, சுற்றுச்சுவரோரம் ஈரமண்ணுக்குப் போய், இரண்டு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தது.

அந்த செகண்டே சொல்ல வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் எதற்கென்று அதற்குத் தெரியாமல் போய்விடும்.

“சபாஷ்!” என்றேன். “சபாஷ் பட்டாணி! சபாஷ்!”

மேலேதான் சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “வாங்க சார், இப்படி உக்காருங்க. கொஞ்சம் தண்ணி குடிங்க.”

“ஒரு நிமிஷம் விடுங்க,” என்றேன். “உள்ள ராஜிகிட்ட சொல்லிட்டு வந்துடறேன். இன்னிக்கு அதுவாவே கேட்டுச்சு.”